லுப்னா எங்ககிட்ட மட்டும் கேக்கல

"உன்ன யாரு போடச் சொன்னது? இது இன்னா உங்க வூட்டு பாத்ரூமா?"

"எங்க வூட்டுதுன்னு நான் சொன்னனா? நம்ம இடம் தானே இது!"

"நம்ம இடம்னா கழுவுறதுக்கும் நம்மளா வரணும்ல? இந்த வாரம் என் டர்னு. போர்டுல போய்ப் பாரு, உமாபதின்னு கொட்ட எழுத்துல போட்டிருக்குது. லுப்னான்னா போட்டிருக்குது?"

"கத்தாதடா. உள்ள ஆள் இருக்குது."

"அதத்தான்டி நானும் சொல்றேன், உள்ள ஆள் இருக்குது! யாரு அந்த ஆளு? உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா?"

நான் சமையல்கட்டுல வெங்காயம் உரிச்சிக்கினு இருந்தேன். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, பின்பக்க பாத்ரூம் கிட்ட இந்தப் பக்கம் உமாபதி கையில பிரஷ்ஷோட, அந்தப் பக்கம் லுப்னா கையில போனோட. நடுவுல பட்டுப்புடவைக் கடைப் பைய இடுக்கிக்கினு ஒரு அம்மா. என் வயசு தான் இருக்கும். கால மாத்தி மாத்தி வெச்சிக்கினு நிக்கிறாங்க.

"தம்பி, நான் போய்ட்டு வந்துடறேன், அப்புறம் சண்டைய வெச்சிக்கப்பா. திண்டிவனத்துலேர்ந்து அடக்கிக்கினு வர்றேன்" அப்டின்னாங்க.

உள்ள இருந்தவங்க வெளிய வந்தாங்க, இவங்க உள்ள போனாங்க. உமாபதி கப்சிப்னு ஆயிட்டான். ஆனா அந்த மூஞ்சிய பாத்தா தெரிஞ்சிது, இது இதோட முடியாதுன்னு.

எங்க இடத்தப் பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். ரங்கசாமி குளத்துக்குப் பின்னாடி ஒரு சந்துல பழைய வூடு. முன்னாடி புடவை குடோனா இருந்தது. ஜான்சன்னு ஒருத்தர் வேலைய விட்டுட்டு வந்து இத வாடகைக்கு எடுத்து ஆரம்பிச்சாரு. பள்ளிக்கூடம் ஒத்துவராத பசங்க, பொண்ணுங்க, பதிமூணு பதினாலு வயசுலேர்ந்து பதினெட்டு வரைக்கும் வருதுங்க. பாடம் கிடையாது, பெல் கிடையாது. எத கத்துக்கணும், எப்ப கத்துக்கணும்னு அதுங்களே முடிவு பண்ணிக்கும். ஒருத்தன் ஓப்பன் ஸ்கூல் கணக்கு போட்டுக்கினு இருப்பான், பக்கத்துலயே ஒருத்தன் குறட்ட வுட்டு தூங்குவான். சங்கரின்னு ஒரு பொண்ணு ஆறு மாசமா கூடத்துல தலைகீழா நிக்கிறதுக்கு பழகிக்கினு இருக்குது. உமாபதிக்கு மிக்ஸி. ஊர்ல கெட்டுப்போன மிக்ஸிலாம் அவன்கிட்ட வரும். பாதி நல்லாப் போவும், பாதி வந்ததுக்கு மோசமாப் போவும்.

பெரியவங்கன்னு இருக்கறது ஜான்சனும் நானும் தான். என் பேரு மங்கையர்க்கரசி, எல்லாத்துக்கும் மங்கைக்கா. எங்க வூடு பிள்ளையார்பாளையத்துல, வூட்டுல தறி ஓடுது. நான் இங்க யாருக்கும் எதுவும் சொல்லிக்குடுக்கறதில்ல. கூப்ட்டா போவேன். கூப்டலன்னா வெங்காயம் உரிப்பேன்.

இந்த இடத்துக்கு பேரு கூட இல்ல. பேரு வைக்கலாம்னு ஒவ்வொரு தடவயும் ஓட்டு எடுப்போம், ஒவ்வொரு பேரும் தோத்துப்போவும். அதனால 'இடம்'னே நின்னுபோச்சு. எது செய்யணும்னாலும் ஓட்டு தான். ஆளுக்கு ஒண்ணு. ஜான்சனுக்கும் ஒண்ணு, நேத்து வந்த பொண்ணுக்கும் ஒண்ணு.

இப்ப லுப்னா.

அவங்க அப்பா ஃபக்ருதீன் பாய்க்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் சூட்கேஸ், பை கடை. லுப்னா பத்தாவது பாதியில பள்ளிக்கூடத்துக்கு போகமாட்டேன்னு உக்காந்துடுச்சி. ஏன்னு யாருக்கும் சொல்லல. சேக்க வந்தப்ப அவங்க அம்மா சபியா மட்டும் என்ன தனியா கூப்ட்டு சொன்னாங்க. பள்ளிக்கூடத்துல இருந்த பாத்ரூமுக்கு பயந்து இந்தப் பொண்ணு காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் தண்ணியே குடிக்காதாம். காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில சேத்து, டாக்டர் கேட்டப்ப தான் வூட்டுக்கே தெரிஞ்சிதாம். அப்பாகிட்ட பாதி தான் சொன்னாங்களாம். ஆம்பளைங்ககிட்ட எப்டிக்கா சொல்றதுன்னாங்க.

இங்க வந்து ரொம்ப நாளு சும்மா தான் இருந்துச்சி. மாடியில உக்காந்து போன பாக்கும், கீழ வரும், தண்ணி குடிக்கும், மறுபடி மாடிக்கு போவும். தண்ணி நெறய குடிக்கும். நாங்க எதுவும் கேக்கல. இங்க அது தான் வழக்கம்.

ஒரு நாள் வெயில்ல தொப்பி போட்டுக்கினு கெளம்பி வெளிய போக ஆரம்பிச்சிது. தினமும் போச்சு. எங்கன்னு கேட்டதுக்கு, "பாத்ரூம் எண்ணிக்கினு இருக்கேங்க்கா" ன்னுச்சி.

நம்ம ஊருக்கு சாமி பாக்கவும் புடவை எடுக்கவும் தினமும் எவ்ளோ பொம்பளைங்க வர்றாங்க. அவங்க கடையில ஏறி கேக்கற மொத கேள்வி, பாத்ரூம் எங்கன்னு தான். அவங்க அப்பா கடையில உக்காந்திருந்தப்ப இவகிட்டயும் நெறய பேரு கேட்டிருக்காங்க, பதில் தெரியாம முழிச்சிருக்கா. அதனால கல்யாண மண்டபம், ஓட்டலு, புடவைக் கடை, பெட்ரோல் பங்க்னு ஒவ்வொண்ணா ஏறி எறங்கி, "பொம்பளைங்க வந்தா வுடுவீங்களா, தண்ணி வருமா, தாப்பா இருக்குதா" ன்னு கேட்டு, சரின்னவங்கள மட்டும் போன்ல ஒரு மேப்புல ஏத்திக்கினு வந்தா. தொறந்து பாத்தா பச்ச பச்சயா புள்ளி. புள்ளிய தொட்டா தாப்பா இருக்குதா இல்லயான்னு கூட சொல்லும். வர்ற கருட சேவைக்குள்ள முடிக்கணும்னு அவளுக்கு. அன்னிக்கு விடியக்காலையில ஊர்ல கால் வைக்க எடமிருக்காது இல்ல, அதான்.

இதுக்கு நடுவுல ஃபக்ருதீன் பாய் ஜான்சனுக்கு போன் பண்ணியிருந்தாரு. ஜூன்ல பொண்ண வாணியம்பாடி பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல சேத்துடப் போறேன், உங்கள ஒரு தடவ பாத்து சொல்லிட்டு போறேன்னாரு. லுப்னாவுக்கும் தெரியும். அழல, சண்ட போடல. இன்னும் சீக்கிரமா காலையில கெளம்பிப் போச்சு, அவ்ளோ தான்.

சண்டைக்கு ரெண்டு நாள் முன்னாடியிலேர்ந்தே எங்க வாசலுக்கு யார் யாரோ வர ஆரம்பிச்சாங்க. போனப் பாத்துக்கினே சந்துக்குள்ள வருவாங்க, "இங்க பாத்ரூம் இருக்குதாமே" ம்பாங்க. நான் கூட்டிக்கினு போய் காட்டினேன். குடிக்க தண்ணியும் குடுத்தேன். நான் வராத மீட்டிங்ல முடிவு பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சேன். ஜான்சன கேட்டா அவரும் அப்டியே நெனச்சிக்கினு இருந்திருக்காரு. சங்கரியும் அப்டியே. இப்டி ஒரு கூத்து எங்க இடத்துல தான் நடக்கும். எல்லாத்துக்கும் ஓட்டு எடுத்து எடுத்து, எது நடந்தாலும் யாரோ ஓட்டு போட்டிருப்பாங்கன்னு எல்லாரும் நம்பிட்டோம். கழுவுற டர்னு வந்தவன் தான் கண்டுபுடிச்சான்.

வெங்காயம் முடியறதுக்குள்ள டங்கு டங்குன்னு சத்தம். உமாபதி எவர்சில்வர் தட்ட அடிக்கறான். தட்டு அடிச்சா மீட்டிங். எந்த வேலையில இருந்தாலும் போட்டுட்டு கூடத்துக்கு வந்து வட்டமா உக்காரணும். தூங்கினு இருக்கறவன கூட எழுப்பிடுவாங்க.

நாங்க உக்காரவும் வாசல்ல செருப்பு கழட்டற சத்தம் கேட்டுது. ஃபக்ருதீன் பாய். ஜான்சன் எழுந்துக்கப் போனாரு. சங்கரி சட்டையப் புடிச்சி இழுத்து உக்கார வெச்சிட்டா. மீட்டிங் நடுவுல எழுந்துக்கக் கூடாது.

"வாங்க பாய், உக்காருங்க. வர்றவங்களும் கீழ தான்" னாரு ஜான்சன்.

பாய் இஸ்திரி போட்ட வெள்ள சட்ட. தரையப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு, என் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்தாரு. லுப்னா அவரப் பாத்த ஒடனே போன மடியில கவுத்து வெச்சிக்கிச்சி.

எங்க மீட்டிங்ல தறி நாடா ஒண்ணு கைமாறும். பாவுக்கு நடுவுல ஊட நூல எடுத்துக்கினு ஓடுதே, அந்த நாடா தான். பழசு, உமாபதி வூட்டுலேர்ந்து கொண்டாந்தது. அது யாரு கையில இருக்குதோ அவங்க தான் பேசலாம்.

உமாபதி எடுத்தான். "நான் எழுந்து எட்டு மணிக்கே வந்து கழுவினேன். பளபளன்னு இருந்துச்சி. ஒரு மணி நேரங்கூட ஆகல, ஒரே சேறு. மோட்டரு வேற சூடாயி நிக்குது. யாருன்னு பாத்தா, போன காட்டறாங்க. போன்ல பாத்தா நம்ம பாத்ரூமு! பேரு வேற போட்டிருக்கா. 'சுத்தமான இடம், தாப்பா இருக்குது, தைரியமா போகலாம்'."

ஒரு பையன் சிரிச்சிட்டான்.

"சிரிக்காதடா. அடுத்த வாரம் உன் டர்னு."

சிரிப்பு நின்னுபோச்சு.

சங்கரி நாடாவ வாங்கிச்சி. "எனக்கு கழுவுறது பிரச்சன இல்ல. நான் செவுத்துல கால் வெச்சி நிக்கிறேன், யாரோ ரெண்டு பேரு வந்து, 'ஐயோ பாப்பாவுக்கு இன்னா ஆச்சு'ன்றாங்க. அதுல ஒரு அம்மா கூட வந்த வூட்டுக்காரரு வாசல்லயே நின்னு பாத்துக்கினு இருக்காரு. இங்க யாரும் பாக்கமாட்டாங்கன்னு தான் நான் இங்க நிக்கிறேன். தெருவுல நிக்கணும்னா தெருவுலயே நின்னிருப்பேன்ல?"

சங்கரி சொன்னதும் ஞாயமா தான் பட்டுச்சி. அதுவரைக்கும் மனசுக்குள்ள லுப்னா பக்கம் தான் நான்.

நாடா லுப்னாகிட்ட போச்சு. அந்தப் பொண்ணு போன எடுத்து எல்லாரும் பாக்கற மாதிரி காட்டுச்சி. "மண்டபத்து மேனேஜர் மூணு தடவ தொரத்தினாரு. நாலாவது தடவ சரின்னாரு. ஓட்டல்காரரு, சாப்ட்டா தான் வுடுவேன்னாரு. சுண்டல் வாங்கினா கூட போதுமான்னு கேட்டேன், சிரிச்சிட்டு ஒத்துக்கினாரு. இப்டி ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு தான் போட்டேன். கேக்காம ஒண்ணு கூட போடல."

உமாபதி நாடா இல்லாமயே பேசிட்டான். "எங்ககிட்ட கேக்கல."

யாரும் அவன அடக்கல.

"ஊர்ல இருக்கறவன்கிட்டல்லாம் போய் நின்னு கேட்டியே. தினமும் கூட உக்காந்து சோறு துன்றோம். எங்கள ஏன் கேக்கல?"

லுப்னா நாடாவ உருட்டிக்கினே இருந்துச்சி. அப்புறம் மெதுவா சொல்லிச்சி, "அவங்க மாட்டேன்னா அடுத்த கடைக்கு போயிடலாம். நீங்க மாட்டேன்னா நான் எங்க போறது?"

வெளிய ஐஸ்காரன் மணி அடிச்சிக்கினு போனான்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" ன்னாரு ஃபக்ருதீன் பாய். ஜான்சன் தலையாட்டினாரு. நாடா அவர் கைக்குப் போச்சு. அத எப்டி புடிக்கறதுன்னு தெரியாம ரெண்டு கையாலயும் ஏந்திக்கினாரு.

"நம்ம கடைக்கு பின்னாடி ஒண்ணு இருக்குதேம்மா. டைல்ஸ் போட்டது. அது உன் மேப்புல இருக்குதா?"

"இல்லப்பா."

"ஏன்?"

"உங்ககிட்டயும் கேக்கல."

பாய் நாடாவையே பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம் சிரிக்கிற மாதிரி ஒரு மூச்சு வுட்டாரு. "கேட்டிருந்தா மாட்டேன்னு தான் சொல்லியிருப்பேன். அது உண்ம தான்" னு சொல்லிட்டு நாடாவ கீழ வெச்சிட்டாரு.

ஓட்டு எடுத்தோம். எங்க இடத்த மேப்புலேர்ந்து எடுத்துடணுமா, வேணாமா. நான் வேணாம்னு கை தூக்கினேன். ஜான்சன் எடுக்கணும்னு தூக்கினாரு. எடுக்கணும்ன்ற பக்கம் தான் ஜெயிச்சிது. லுப்னா எந்தப் பக்கமும் தூக்கல. போன எடுத்து, எல்லார் முன்னாடியும் அந்த பச்சப் புள்ளிய அழிச்சிது. அழிச்சதும் மேப்ப பாத்தேன். குளத்துலேர்ந்து பஸ் ஸ்டாண்டு போற வழி மொத்தமும் காலி.

மீட்டிங் கலைஞ்சுது. உமாபதி ஜெயிச்சவன் மாதிரியே இல்ல, பிரஷ்ஷ எடுத்துக்கினு பின்னாடி போய்ட்டான்.

பாய் வாசல்ல செருப்பு மாட்டிக்கினு இருந்தாரு. நான் டீ குடுக்கலாம்னு டம்ளரோட போனேன். லுப்னா கதவப் புடிச்சிக்கினு நிக்குது. நான் அப்டியே நின்னுட்டேன்.

"தோத்துட்டியே" ன்னாரு.

"ஆமாப்பா."

"நாளைக்கு இங்க வருவியா?"

"வருவேனே. ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன்." செருப்பு வார சரி பண்ணிக்கினே குனிஞ்சபடி சொன்னாரு. "ஹாஸ்டல் பத்தி அன்னிக்கி சொன்னப்ப நீ தலையாட்டின. உங்க அம்மி தான் நேத்து எல்லாத்தயும் சொன்னா, பழைய பள்ளிக்கூடத்துல நடந்தது. நான் திட்டுவேன்னு நெனச்சியாம்மா?"

லுப்னா கதவுத் தாப்பாவ தள்ளித் தள்ளி இழுத்துச்சி.

"ஹாஸ்டல் வேணாம்ப்பான்னு நீ என்கிட்ட கேட்டதே இல்லயே."

"கேட்டா?"

"மொதல்ல கேளு."

அந்தப் பொண்ணு கதவ வுட்டுட்டு நேரா நின்னுச்சி. "அப்பா, நான் ஹாஸ்டலுக்குப் போகல. இங்கயே இருக்கட்டுமா?"

"யோசிச்சி சொல்றேன்."

"கடை பாத்ரூம்?"

"அதயும் யோசிச்சி சொல்றேன்" னாரு. அப்ப தான் என்னப் பாத்தாரு, டீய வாங்கிக்கினாரு.

மறுநாள் காலையில நான் கதவ தொறக்கறதுக்கு முன்னாடியே லுப்னா வாசல்ல உக்காந்திருந்துச்சி. உமாபதி சைக்கிள நிறுத்தினதும் நேரா அவன்கிட்ட போச்சு.

"டேய், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"கருட சேவை அன்னிக்கி காலையில மட்டும். பொம்பளைங்களுக்கு மட்டும். பின்பக்க கேட்டு வழியா வரட்டும், கூடத்துப் பக்கமே வரவேணாம். நான் கழுவுறேன்."

உமாபதி பூட்டு போட்டுக்கினே யோசிச்சான். "ஒருத்தி கழுவினா முடியாது. மோட்டரு பக்கத்துல ஒரு ஆளு நிக்கணும். தெனம் அப்டின்னா வேணாம். ஒரு நாள்னா சரி." அப்புறம், "இத நேத்தே கேட்டிருந்தா என் தொண்டை மிச்சம்ல?" ன்னான்.

"நேத்து நீ கேக்க விட்டியா?"

"அதுக்கு முன்னாடி நாளு?"

"சரிடா, வுடு."

மறுபடி தட்டு அடிச்சி, மறுபடி ஓட்டு. இந்த தடவ சங்கரி கூட கை தூக்கிச்சி, கேட்டு வழின்றதால. எங்க புள்ளி மேப்புல திரும்ப வந்துச்சி, அந்த ஒரு நாளைக்கு மட்டும்.

ரெண்டு நாள் கழிச்சி பாய் லுப்னாவ பைக்ல கொண்டாந்து வுட்டாரு. உள்ள வரல, வண்டியில உக்காந்தபடியே பேசினாரு. இந்த வருஷம் இங்கயே இரு, ஆனா பத்தாவது பரீட்சய பிரைவேட்டா எழுதிடணும்னாரு. எழுதறேன், எந்த மாசம்னு நான் முடிவு பண்றேன்னு இவ சொன்னா. "பாத்தீங்களாம்மா, இங்க வந்து இது தான் கத்துக்கிச்சி" ன்னு என்கிட்ட சொல்லிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு. கடை பாத்ரூம் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல. சாயந்தரம் மேப்ப பாத்தா பஸ் ஸ்டாண்டு கிட்ட புதுசா ஒரு பச்சப் புள்ளி. 'டைல்ஸ் போட்டது'ன்னு எழுதியிருந்துச்சி. யாரு சொல்லி லுப்னா அத எழுதிச்சின்னு எனக்குப் புரிஞ்சிது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். குளத்துக்கிட்ட நாங்க இருக்கோம், அந்த கடைசியில பாய் கடை இருக்குது. நடுவுல அவ்ளோ தூரத்துக்கு ஒண்ணுமே இல்ல. கைக்கொழந்தயோட வர்றவங்க, சக்கர வியாதிக்காரங்க, மாசத்துல அந்த நாள்ல இருக்கறவங்க, அந்தக் கூட்டத்துல மாட்டிக்கினா எங்க போவாங்க?

அந்த வழியில வூடோ கடையோ வெச்சிருக்கறவங்க யாராவது இத படிச்சீங்கன்னா, கருட சேவை அன்னிக்கி காலையில மட்டும் உங்க பாத்ரூம பொம்பளைங்களுக்கு தொறந்து வைப்பீங்களா? கழுவறதுக்கு நாங்க ஆள் அனுப்பறோம். உமாபதியும் வர்றேன்னுட்டான், மூஞ்சிய தூக்கிக்கினு தான், ஆனா வருவான். முடியும்னா கீழ கமெண்ட்ல எழுதுங்க. முடியாதுன்னாலும் முடியாதுன்னே எழுதுங்க, லுப்னா ஒவ்வொண்ணயும் படிக்கும், கோச்சிக்காது. உங்க வூட்ட மேப்புல போடலாமா, வேணாமா? பதில் சொல்லுங்க.